கொட்டாஞ்சேனை ஈயப்பானை

அலமாரி வெறுமையாக இருந்தது.

பதிவேட்டின்படி அதற்குள் ஓர் ஈயப்பானை இருக்கவேண்டும். நிறை முப்பது கிலோ, பக்கத்தில் கதிர்வீச்சு எச்சரிக்கை ஸ்டிக்கர். உள்ளே பன்னிரண்டு ரேடியம் ஊசிகள், ஒவ்வொன்றும் ஒரு தீக்குச்சியைவிடச் சிறியது. அறுபதுகளில் டொக்டர் தில்லைநாதன் தன் நேர்சிங் ஹோமில் புற்றுநோய்க்காரருக்கு வைப்பதற்காக வாங்கியவை. அவர் இறந்து, நேர்சிங் ஹோமையும் மூடியபின், மனைவி கனகேஸ்வரி கனடாவுக்குப் போகுமுன் எங்கள் திணைக்களத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். வந்து எடுத்துப் போகும்படியும் காவலாளியிடம் திறப்பு இருப்பதாகவும் அதில் இருந்தது.

இப்படியான கதிர்வீச்சுப் பொருட்களைச் சேகரிப்பதுதான் என் வேலை. சேர்ந்து ஏழு மாதம், இன்னும் நிரந்தரமாக்கவில்லை. இவற்றைப் புதைக்க எங்கள் நாட்டில் இடம் கிடையாது. அலுவலகத்தின் பின்னால் தடித்த சுவருள்ள ஓர் அறை இருக்கிறது. இரும்புப் பீப்பாவின் நடுவில் வைத்து, சுற்றிவரக் கொங்கிறீற் ஊற்றி, இலக்கமிட்டு அங்கே அடுக்குவோம். ரேடியம் பாதியாகக் குறைய ஆயிரத்து அறுநூறு வருடம் எடுக்கும்.

ஒரு பொருள் காணாமற் போனால் அதே நாளில் பொலிஸுக்கு அறிவிக்கவேண்டும் என்பது விதி.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு, யுத்தம் நடந்துகொண்டிருந்தது. காவலாளி சுடலைமுத்து அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். அடையாள அட்டையில் தோட்டத்து விலாசம்தான் இருந்தது. பொலிஸ் வந்தால் முதலில் யாரைக் கொண்டுபோகும் என்று எனக்குத் தெரியும். பானை எங்கே என்று மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் தெரியாதுங்க என்றார். மூன்றாம் தரம் நான் கேட்டு முடிக்குமுன்பே சொல்லிவிட்டார்.

என்னுடன் வந்தவர் எங்கள் டெக்னீஷியன் றேமண்ட் அண்ணை. கொட்டாஞ்சேனையிலேயே பிறந்தவர், சிங்களமும் தமிழும் ஒரேமாதிரிப் பேசுவார். ஹோலில் இருந்த தொலைபேசி இன்னும் வேலைசெய்கிறதா என்று எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். வேலைசெய்தது.

"பதினொரு மணி மட்டும் தேடும், தங்கச்சி. பிறகு நான் பொலிஸுக்குப் போன் அடிப்பன். என்னைக் கோவிக்கக்கூடாது."

ஒன்பதே முக்காலாகியிருந்தது. கதிர்வீச்சு மீற்றரை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனேன். ஈயத்துக்குள் இருந்தாலும் பன்னிரண்டு ஊசிகளும் பல அடி தூரத்திலேயே காட்டிக்கொடுக்கும். மீற்றர் எல்லா இடத்திலும் அடிக்கிறமாதிரி மெல்ல டிக், டிக் என்றது, அவ்வளவுதான். சத்திரசிகிச்சை அறை, மருந்தறை, மாடிப்படியின் கீழ், காவலாளியின் அறை. அவருடைய மனைவி ஆறாயி கட்டிலைத் தள்ளி வழிவிட்டாள். கட்டிலுக்குக் கீழே ஒரு சூட்கேஸும் அரிசிப்பானையும். முற்றத்து மண்ணில் ஓரடிக்கு ஓரடி குனிந்து நடந்தேன். பக்கத்து வீட்டு மாடியில் ஒருவர் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாயி பிளேன்ரீ கொண்டுவந்தாள். றேமண்ட் அண்ணை குடித்தார். நான் என் கோப்பையைப் படியில் வைத்துவிட்டு மீற்றரைப் பார்த்தேன். மீற்றருக்குப் பசியில்லைப்போல என்று அவர் பகிடி விட்டார். அவர் மணிக்கூட்டைப் பார்க்காமல் இருக்க முயற்சிப்பது தெரிந்தது.

பத்தேகாலுக்கு முற்றத்தில் நின்று யோசித்தேன். பானையை வெளியே கொண்டுபோயிருந்தால் றோட்டு முனைச் செக்பொயின்றைத் தாண்டியிருக்கவேண்டும். முப்பது கிலோச் சாமானைத் தூக்கிக்கொண்டு இந்த மனிதர் அதைத் தாண்டமாட்டார். எனவே இங்கேதான் இருக்கிறது. இங்கே இருந்தும் மீற்றருக்குத் தெரியவில்லையென்றால் அதை ஏதோ மறைக்கிறது. ஈயம் மறைக்கும். ஆழமான மண் மறைக்கும், ஆனால் முற்றத்தில் கிளறிய இடம் இல்லை.

தண்ணீரும் மறைக்கும்.

கிணறு குசினிக்குப் பின்னால் இருந்தது. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கறுப்பாக, நிறையக் கிடந்தது. சுடலைமுத்து குசினி வாசலில் நின்றார். பெரிய ஆட்களோடு எனக்குக் கதைக்க வராது. யாராவது முகத்தை நேரே பார்த்தால் சொல் மறந்துபோகும். அதனால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"ஐயா, ஸ்டிக்கரோடதான் போட்டீங்களா?"

அவர் வாசற்படியில் குந்திவிட்டார்.

"சொரண்டிட்டுத்தாங்க போட்டேன்."

போன மாதம் அடுத்த ஒழுங்கையில் ஆமி வீடு வீடாகச் சோதித்ததாம். வானொலி திருத்தும் பெடியன் ஒருவனை, வயர் சுற்றிய மணிக்கூடு வைத்திருந்ததற்காக ஏற்றிக்கொண்டு போனார்களாம். அவன் இன்னும் வரவில்லை. அன்று பின்னேரம் சுடலைமுத்து வீட்டிலுள்ள சாமானையெல்லாம் ஒரு ஆமிக்காரனின் கண்ணால் பார்த்திருக்கிறார். அலமாரிக்குள் இருந்த பாரமான பானை கண்ணில் பட்டது. அதிலே எங்கள் திணைக்களத்து எச்சரிக்கை ஸ்டிக்கர்.

"மஞ்சளும் கறுப்புமா இருந்திச்சுங்க. நடுவுல மூணு நகம் மாதிரி. பாக்கிறவன் என்னான்னு நெனைப்பான்? புலிச் சாமான்னுதானே நெனைப்பான்?"

கத்தியால் சுரண்டி, சாக்கில் கட்டி, இரண்டு பேருமாக இறக்கிவிட்டார்கள்.

இந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். பைப்பில் தண்ணீர் வராத நேரம் சமையலுக்கும் இதுதான் என்றாள் ஆறாயி. தேத்தண்ணியும் இதுதான். றேமண்ட் அண்ணை தன் வெறும் கோப்பையைப் பார்த்தார். "இப்ப சொல்லுறா," என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

வாளித் தண்ணீருக்கு மேலே மீற்றரைப் பிடித்தேன். சத்தம் கூடவில்லை. ஆனால் கொஞ்சமாகக் கசிந்திருந்தால் இந்த மீற்றருக்குத் தெரியாது. இரண்டு போத்தல் நிரப்பி மூடி, திகதி எழுதி வைத்தேன். ஆய்வுகூடத்தில் கதிர்களை எண்ணிப் பார்க்க மூன்று கிழமை வேண்டும். அதுவரை கிணற்றுத் தண்ணீரைத் தொடவேண்டாம் என்றேன்.

கொளுக்கியில் சாக்கு அகப்பட இருபது நிமிடம் எடுத்தது. ஆண்கள் இருவரும் இழுத்தார்கள். சாக்கு நீர்மட்டத்துக்கு வந்ததும் என் கையில் மீற்றர் இரையத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவ்வளவு நிம்மதி எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. மூடியின் கம்பியும் முத்திரையும் அறாமல் இருந்தன. பக்கவாட்டில் கத்திக் கீறல்கள் வெள்ளி வெள்ளியாகத் தெரிந்தன.

பானையை எங்கள் வாகனத்துக்குக் கொண்டுபோகுமுன் கேற்றைத் தட்டினார்கள். ஒரு சப் இன்ஸ்பெக்டரும் இரண்டு கொன்ஸ்டபிள்களும். பக்கத்து மாடிக்காரர் தொலைபேசியில் சொல்லியிருக்கவேண்டும்.

றேமண்ட் அண்ணை திணைக்களக் கடிதத்தைக் காட்டி விளங்கப்படுத்தினார். இன்ஸ்பெக்டர் அதைக் கடைசிவரை வாசித்தார். பிறகு என் அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த இடத்தைப் பார்த்தார். வெள்ளவத்தையில் யார் வீட்டில் இருக்கிறேன், பொலிஸில் பதிந்தாயிற்றா என்று கேட்டார். இங்கே தங்கும் தமிழருக்குப் பொலிஸ் எழுதிக் கொடுக்கும் பதிவுத் துண்டை நீட்டினேன். துண்டைப் பிடித்தபடியே பானையைச் சுற்றி ஒருதரம் நடந்து, கீறல்களுக்கு முன்னால் நின்றார்.

இதைக் கிணற்றுக்குள் போட்டது யார் என்று சிங்களத்தில் கேட்டார். என்னை அல்ல, சுடலைமுத்துவை.

சுடலைமுத்துவின் வாய் திறந்தது. அந்த 'தெரியாது' வரப்போகிறது என்று கண்டேன். அது வந்தால் முடிந்தது.

"நான்தான் போடச் சொன்னனான்," என்றேன். என் சிங்களம் பள்ளிக்கூடச் சிங்களம். எல்லோரும் திரும்பினார்கள். தண்ணீர் கதிர்களை மறிக்கும், வீடு பூட்டிக் கிடந்ததால் அதுவே பாதுகாப்பு என்று நினைத்தேன், தொலைபேசியில் சொன்னேன் என்றேன். பழைய ஸ்டிக்கரையும் எடுக்கச் சொன்னேன், புதியது ஒட்டுவோம். பையிலிருந்து புதிய ஸ்டிக்கரை எடுத்துக் காட்டினேன்.

"நங்கி, நீயே போடச் சொன்னாய் என்றால், காலையிலிருந்து வீடு முழுக்க மெஷினோடு ஏன் தேடினாய்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி.

"கசிந்ததா என்று பார்க்கவேண்டும், சேர். வேறு இடத்தில் படிந்திருக்கலாம்."

அது பொய்யென்றும் சொல்லமுடியாது. இன்ஸ்பெக்டர் என்னை விட்டுச் சுடலைமுத்துவிடம் திரும்பினார். இந்த நங்கியா உன்னைப் போடச் சொன்னாள்?

சுடலைமுத்து என்னைப் பார்க்கவே இல்லை. "ஓவ் மாத்தயா," என்று ஆமோதித்தார். "மிஸ்தான் சொன்னாங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

அவ்வளவு கெதியாக. அந்தக் கடைசி வசனத்தை நான் எதிர்பார்க்கவில்லை. றேமண்ட் அண்ணை தன் சப்பாத்தைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் எழுதினார். குடிக்கிற கிணற்றில் போடச் சொல்லியிருக்கிறாள், இவளுக்கெல்லாம் டிகிரி என்று கொன்ஸ்டபிள்களிடம் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். வாக்குமூலத்தில் ஒப்பமிடச் சொன்னார். பாதிதான் எனக்கு வாசிக்கத் தெரிந்தது. ஒப்பமிட்டேன். பிரதி திணைக்களத்துக்கு வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எங்கள் வாகனம் முகத்துவாரம் திரும்பும் சந்தியைத் தாண்டியதும், பணிப்பாளரிடமாவது உண்மையைச் சொல்லும்படி றேமண்ட் அண்ணை சொன்னார். சொன்னால் பணிப்பாளர் அதை எழுதவேண்டும். எழுதினால் அதுவும் பொலிஸுக்குப் போகும். றேமண்ட் அண்ணைக்கும் அது தெரியும்.

வெள்ளிக்கிழமை பணிப்பாளர் கூப்பிட்டார். மேசையில் வாக்குமூலத்தின் பிரதி இருந்தது. ஏன் இப்படிச் செய்தேன் என்று கேட்டார். தவறாக யோசித்துவிட்டேன் என்றேன். தகுதிகாண் காலத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டும் கடிதத்தில் அவர் ஒப்பமிடும்வரை நின்றேன்.

பின்னால் றேமண்ட் அண்ணை சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தார். பானை ஏற்கனவே பீப்பாவுக்குள் இறங்கியிருந்தது, கீறல் பக்கம் சுவரைப் பார்த்தபடி. பதிவேட்டில் பொருள், அளவு, திகதி எல்லாம் எழுதினேன். குறிப்புப் பகுதியில், கிணற்றில் இடப்பட்டது என் பணிப்பில் என்று என் பெயரோடு எழுதி, மை காயும்வரை பக்கத்தை மூடாமல் வைத்திருந்தேன்.

"ஊத்தட்டே?" என்று றேமண்ட் அண்ணை கேட்டார்.

ஊற்றச் சொன்னேன்.