சத்தமில்லாதவர்களின் ஆண்டுக் கூட்டம்

அந்தக் கமாண்டோப் பிரிவில் உயிரோடு திரும்பிய ஒருவரிடமிருந்தும் அதன் பிறகு சத்தம் வரவில்லை. வாய் திறந்து பேசினால் பேச்சு கேட்கும், அதோடு சரி. நடந்தால் காலடி கேட்காது, கதவைச் சாத்தினால் கதவு கேட்காது, தும்மினால் மூக்கு மட்டும் சிவக்கும். ஓசைப்படாமல் நடக்கவும் தூங்கவும் இருமலை விழுங்கவும் வருடக்கணக்கில் பழகியவர்களுக்கு, எதிரியின் ஆற்றுப் பாலத்தைத் தகர்த்துவிட்டு வந்தபோது அந்தப் பழக்கம் உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ராணுவ மருத்துவர் ஒவ்வொருவர் நெஞ்சிலும் குழாயை வைத்துக் கேட்டார். ஒன்றும் கேட்காமல் வேறு குழாய் கொண்டுவரச் சொன்னார். கடைசியில் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தார். "காது கேக்கலைன்னு வந்தா மருந்து குடுப்பேன். நீங்களே கேக்கலைன்னா நான் என்ன பண்றது?" என்று அலுத்துக்கொண்டார். அரசாங்கம் ஆளுக்கொரு பதக்கம் அனுப்பி வைத்தது.

பதக்கம் அரசாங்கம் தந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் உயிராக வைத்திருந்தது தங்கள் பிரிவின் பேட்ஜைத்தான். இறக்கையைப் பாதி மடித்த பித்தளை ஆந்தை அது. பறக்கும்போது சத்தமே வராத பறவை என்பதால் அதை வைத்தார்கள் என்று சொன்னால், வீட்டுப் பெண்கள் "உலகத்துல வேற பறவையே இல்லையா?" என்று கேட்டார்கள். எதிரியின் எல்லைக்குள் போகும் முன் அந்த ஆந்தைமேல் கறுப்பு டேப் சுற்ற வேண்டும், உரசிச் சத்தம் வரக்கூடாது. தன்னுடையதைத் தானே சுற்றக் கூடாது, கூட்டாளிதான் சுற்ற வேண்டும். சுற்றிய பிறகு அவன் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். பேட்ஜ் போட்ட இவன் அவன் எதிரில் ஒரு தரம் குதிப்பான். எதுவும் கேட்கவில்லை என்றால் கூட்டாளி "சரி, போ" என்பான். திரும்பி வந்ததும் அதே கூட்டாளி டேப்பைப் பிரிப்பான், இவன் மறுபடி குதிப்பான், ஆந்தை கிளிங்கென்று சட்டையின் உலோகப் பித்தானில் மோதும், அவன் "வந்துட்டே" என்பான். அந்த ஒரு சொல்லைக் கேட்கும்வரை, காலும் கையும் முழுசாக இருந்தாலும், ஆள் வந்து சேர்ந்ததாக அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

பாலத்திலிருந்து திரும்பும் லாரியில் எல்லோரும் ஒருவருக்கொருவர் டேப்பைப் பிரித்துக்கொண்டார்கள். அப்படிப் பிரித்த ஆந்தைகளில் மட்டும் சத்தம் மிஞ்சியது. அவர்களிடம் மிஞ்சியதே அவ்வளவுதான். ஆனால் நெட்டை என்று பெயர் வாங்கிய உயரமான மனிதர் ஒரு மூலையில் சட்டைப்பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய கூட்டாளி கட்டை, பெயருக்கேற்ற குள்ளம், வாய் ஓயாத பேச்சுக்காரர், லாரியில் இல்லை. உடலும் கிடைக்கவில்லை. "குடு, நான் பிரிச்சு விடறேன்" என்று கேப்டன் கை நீட்டினார். நெட்டை கொடுக்கவில்லை. "அவன் வந்து பிரிப்பான் சார்" என்றார். கேப்டனுக்கு அதற்கு மேல் வற்புறுத்த மனம் வரவில்லை.

படையை விட்டு வந்தபின் நெட்டை நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த இரைச்சலில் தன் குறை தெரியாது என்று நினைத்தார். ஆனால் அவர் கை வைத்த இயந்திரம் மட்டும் ஓசையில்லாமல் ஓடியது. மேஸ்திரி, மின்சாரம் போய்விட்டதோ என்று அடிக்கொருதரம் ஓடி வந்து, நூல் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போவார். வாரம் தவறாமல் நெட்டை தொலைபேசி நிலையத்தைக் கூப்பிட்டு, ராணுவ அலுவலகத்துக்கு இணைப்புக் கேட்பார். கட்டையைப் பற்றி ஏதாவது தகவல் உண்டா என்பார். இல்லை என்பார்கள். இணைப்புக் கொடுத்த பெண்ணுக்குக் காதுதான் எல்லாம். மூச்சு விடுவதை வைத்தே ஊரில் பாதிப் பேரை அடையாளம் சொல்லிவிடுவாள். இந்த மனிதரிடம் குரலுக்கு முன்னும் பின்னும் மூச்சே இல்லாதது அவளை யோசிக்க வைத்தது. ஒருநாள் அவர் போனை வைக்கும் முன் குறுக்கிட்டு, "அங்க தகவல் இல்லைன்னா என்ன, சாப்பிட்டீங்களான்னு கேக்க இங்க ஆள் இருக்கு" என்றாள். அடுத்த வருடம் கல்யாணம் நடந்தது. குரலைக் கேட்டுக் கட்டிக்கொண்டவள், குரல் போக மிச்சமெல்லாம் மௌனம் என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்டுகொண்டாள்.

ஆண்டுக் கூட்டம், தையல் இயந்திரக் கடையின் மாடியில் இருந்த வாடகை ஹாலில் நடந்தது. முதல் வருடம் காவலாளி, உள்ளே யாருமில்லை என்று நினைத்து வெளியே பூட்டிவிட்டுப் போய்விட்டான். உள்ளே முப்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கரண்டி தட்டில் படும் ஓசைகூட இல்லை. பிறகு அவனுக்குப் பழகிவிட்டது. சாப்பாடு முடிந்ததும் பதக்கத்தையும் ஆந்தையையும் நெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் குத்திக்கொண்டு ஜோடி ஜோடியாக நிற்பார்கள். ஒருவர் கண்ணை மூட, மற்றவர் குதிப்பார். ஆந்தை பதக்கத்தில் மோதிக் கிளிங்கென்னும். "வந்துட்டே." வருடம் முழுக்க இருக்கிறோமா இல்லையா என்ற சந்தேகத்தில் திரிந்தவர்கள், அந்த ஒரு சத்தத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். கூட்டாளி காலமாகிவிட்டவருக்குக் கேப்டனே சொல்வார். நெட்டைக்கு மட்டும் யாரும் சொல்ல முடியவில்லை. அவர் வருவார், டேப் சுற்றிய ஆந்தையைக் குத்திக்கொள்வார், வரிசையின் கடைசியில் தனியாக நிற்பார், திரும்பிவிடுவார். முப்பது பேர் பத்தானார்கள், பத்து ஆறானது.

வீட்டில் அவள் கதவைப் பார்த்தபடியே குடித்தனம் நடத்தினாள். காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும், யாரோ வந்தது போலத் தோன்றினால், "வந்துட்டீங்களா?" என்பாள். சில சமயம் அவர் பக்கத்திலேயே நின்று "ம்" என்பார். பல சமயம் வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று ஊரில் பேச்சுக்குத்தான் சொல்வார்கள். அவள் கட்டியே பார்த்தாள். அவர் இடுப்பில் ஏறியதும் மணி ஊமையாகிவிட்டது. பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சு கேட்காமல், விடிவதற்குள் பல தடவை அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பாள். உள்ளூர ஒரு கோபமும் உண்டு. வாரா வாரம் ராணுவ அலுவலகத்துக்குப் போன் போவது கல்யாணத்துக்குப் பிறகும் நிற்கவில்லை. இவர் என்னோடு இருக்கிறாரா, அந்த லாரியிலேயே இருக்கிறாரா என்று நினைப்பாள். கேட்டதில்லை.

வயதான காலத்தில் அவளுக்குப் பார்வை மங்கியது. முதலில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, பிறகு முகம் தெரியவில்லை, பிறகு பகலும் போய்விட்டது. அப்போதும் "ம்" என்ற பதில் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு அவள் ஓட்டினாள். அடுத்த வருடமே அவருக்குத் தொண்டையில் கட்டி வந்து, அறுவை சிகிச்சையில் குரலை எடுத்துவிட்டார்கள். பட்ட காலிலே படும் என்பது சரிதான். அவர் சொல்லாமல் தொட்டால் அவள் பதறி, கையிலிருந்ததைக் கீழே போடுவாள். பயமுறுத்த வேண்டாமென்று அவர் தள்ளியே உட்கார்ந்தார். தள்ளி உட்கார்ந்தால் அவளுக்கு அவர் இல்லை. காலையில் மேசைமேல் காபி சூடாக இருப்பதை வைத்துத்தான் புருஷன் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டாள். தாலி கட்டியவர் மூன்றடி தூரத்தில் இருக்க, அவள் தனிக்கட்டையைப் போல வாழ்ந்தாள். அவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அதுதான் இன்னும் கொடுமை.

அந்த வருடம் அவளைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாததால் கூட்டத்துக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். ஆறு பேரும், தட்டு எடுக்கிற காவலாளியும் இருந்தார்கள். அவளைச் சுவரோரம் நாற்காலியில் உட்கார வைத்தார். காலி அறையில் உட்கார்ந்திருப்பதாகத்தான் அவளுக்குத் தோன்றியது. திடீரென்று கிளிங்கென்று ஒரு சத்தம், "வந்துட்டே" என்று ஒரு கிழட்டுக் குரல். மறுபடி ஒன்று, மறுபடி ஒன்று. அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள், ஐந்தோடு நின்றுவிட்டது.

"எங்க வீட்டுக்காரர் குதிக்கலையா?" என்று இருட்டைப் பார்த்துக் கேட்டாள்.

"குதிச்சாரும்மா. அவரோடது டேப்ல இருக்கு" என்றார் கேப்டன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, யார் சுற்றியது, யார் பிரிக்க வேண்டும், பிரித்த பிறகு என்ன சொல்வார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னார். "அதைப் பிரிச்சா கட்டை போயிட்டான்னு ஒத்துக்கிட்டதா ஆயிடும்னு இவருக்கு நினைப்பு. நாங்க சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சுட்டோம்."

"அப்ப உங்க கணக்குல இவர் இன்னும் வரவே இல்ல?"

வீட்டில் "வந்துட்டீங்களா?" என்று தான் கேட்டுக்கொண்டிருந்தது தப்பான கேள்வி அல்ல என்று இத்தனை வருடம் கழித்து அவளுக்கு விளங்கியது.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்ட பிறகு அவள் சாப்பாட்டு மேசையில் கையை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எங்க இருக்கீங்கன்னு தெரியல. எங்க இருந்தாலும் அதைக் கொண்டாங்க. பிரிக்க மாட்டேன், தொட்டுப் பாக்கறேன்" என்றாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளங்கையில் ஏதோ கனத்தது. ஒரு கொட்டைப்பாக்கு அளவுதான். அவள் விரல்கள் டேப்பைச் சுற்றிச் சுற்றி வந்து ஓரிடத்தில் நின்றன. டேப்பைச் சுற்றியவர் அதன் நுனியை ஒட்டாமல் விட்டிருந்தார். தன்மேலேயே மடித்து, சின்ன நாக்கு மாதிரி நீட்டிவிட்டிருந்தார், ஒரு கையால் பிடித்து இழுக்க வசதியாக. அத்தனை வருடம் யாரோ கட்டைவிரலால் தடவித் தடவி அந்த நாக்கு வழவழப்பாகி இருந்தது.

"ஏங்க, பிரிக்கக் கூடாதுன்னு உங்க கூட்டாளி நினைச்சிருந்தா எதுக்கு நுனியை மடிச்சு விடணும்?" என்றாள். "யாராவது பிரிக்கட்டும்னுதானே மடிச்சிருக்காரு?"

ஆந்தை அவள் கையிலிருந்து எடுக்கப்பட்டது. அவ்வளவுதான் என்று அவள் நினைத்தாள். அவளுக்கு அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை. மறைக்க எந்தப் பக்கம் திரும்புவது என்றும் தெரியவில்லை. பிறகு நீளமான விரல்கள் அவள் வலது கையைப் பிடித்து, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து, அந்த நாக்கின்மேல் வைத்தன. தன்னுடையதைத் தானே பிரிக்கக் கூடாது என்பது விதி. அவள் இழுத்தாள்.

டேப் காய்ந்து இற்றுப்போய்த் துண்டு துண்டாக வந்தது. கடைசிச் சுற்று கழன்றபோது, அதற்குள் அகப்பட்டுக்கொண்டிருந்த குரல் வெளியே வந்தது. இளவயதுக் குரல், கொஞ்சம் கரகரப்பு, சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி. "சரி, போ" என்றது. அவ்வளவுதான் சொன்னது. ஜன்னல் பக்கமாகப் போய்விட்டது.

அது யாரென்று அவள் கேட்கவில்லை. வாரா வாரம் இணைப்புக் கொடுத்தவளுக்கு, இத்தனை நாள் கழித்து மறுமுனையில் ஆள் பேசிவிட்டார் என்று புரிந்தது. அவர் சத்தமில்லாமல் அழுது முடிக்கட்டும் என்று டேப் துண்டுகளை உருட்டி உருட்டி ஒரு பந்தாக்கிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு எழுந்து நின்றாள். அவர் ஆந்தையையும் பதக்கத்தையும் நெஞ்சில் குத்திக்கொண்டு, எழுபதைத் தாண்டிய முழங்கால்களோடு அவள் எதிரில் நின்று குதித்திருக்க வேண்டும், பெரிய உயரமெல்லாம் இருந்திருக்காது. அவள் பார்வையில்லாத கண்களையும் மூடிக்கொண்டிருந்தாள்.

கிளிங்.

"வந்துட்டீங்க" என்றாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பதக்கமும் ஆந்தையும் குளிக்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் பனியன்மேல்தான் இருந்தன. கிளிங் சமையலறைக்குப் போகும், கிளிங் கூடத்துக்கு வரும், அவள் வேலையைப் பார்த்தபடி அதன் பக்கம் முகத்தைத் திருப்பி ஊர்க்கதை பேசுவாள். ராணுவ அலுவலகத்துக்குப் போன் போவது நின்றது. கீழ் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஒருநாள் மாடியேறி வந்து, விடியற்காலையில் ஏதோ மணிச்சத்தம் கேட்கிறது, தூக்கம் கெடுகிறது என்று புகார் சொன்னார். "எங்க வீட்டுக்காரர் புரண்டு படுக்கறார்" என்று சொல்லி அவள் கதவைச் சாத்தினாள். குழாய் சொட்டுவது பழகுவது போலக் கீழ் வீட்டுக்காரருக்கும் அது பழகிவிட்டது.