குலுக்காத கோப்பை

இறந்து நாற்பத்திரண்டு வருடமான ஆலோசகர் ஹமூத், தன் தோட்ட வீட்டுக்கு யார் வந்தாலும் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். ஆள் கண்ணுக்குத் தெரியாது. மூக்கு நீண்ட பித்தளைக் கூஜா மட்டும் தானாக எழுந்து, விருந்தாளியின் கோப்பையில் கால்வாசி ஊற்றிவிட்டு அருகிலேயே நிற்கும். அமீரகம் ஒரு நாடாக உருவான நாட்களில் எந்த மலை யாருக்கு, எந்தக் கிணறு யாருக்கு என்று பேசி முடித்தவர். பேரம் படிந்ததும் அவர் பெயரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். தரகர்களுக்கு வழக்கமாக நடப்பதுதான். அரசாங்கப் புகைப்படத்தின் கடைசி வரிசையில் அவருடைய ஒரு காது இருக்கிறது. அஜ்மானிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில், மலையடிவாரத்தில் இருந்த அந்த வீட்டை மட்டும் மியூசியமாக்கி, காவலுக்கு வீரபாண்டியைப் போட்டிருந்தார்கள்.

கமுதிக்காரரான வீரபாண்டி பதினெட்டு வருடம் கட்டிடங்களில் சாரம் ஏறி முழங்காலைத் தேய்த்துக்கொண்டவர். இந்த நாற்காலி கிடைத்தபிறகுதான் காலை நீட்டி உட்கார்ந்தார். ஆனால் ஏழு மாதமாக ஒரு பார்வையாளர்கூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பூட்டுகிறோம், திங்கட்கிழமை நீ பழையபடி சைட்டுக்குப் போய்விடு என்று கம்பெனி சொல்லிவிட்டது.

அந்த ஞாயிறு வந்த ஒரே ஆள் பாலகுரு, அஜ்மானில் பஸ் ஓட்டும் ஊர்க்காரன். பேரீச்ச மர நிழலில் ஒரு வாரத் தூக்கத்தைத் தூங்கிவிட்டுப் போகலாம் என்று வந்தவன். உட்கார்ந்ததும் கூஜா ஊற்றியது. குடித்தான். மறுபடி ஊற்றியது. அரபு வீட்டில் போதும் என்றால் கோப்பையை இரண்டு குலுக்குக் குலுக்க வேண்டும். அதுவரை ஊற்றுபவர் நிறுத்த மாட்டார், குலுக்காத விருந்தாளியை எழுப்பிவிடவும் மாட்டார். பாலகுருவுக்கு இது தெரியாது. நம் வழக்கப்படி கோப்பையைக் கையால் மூடிப் பார்த்தான். கூஜா பொறுமையாக நின்று, விரல் விலகியதும் ஊற்றியது. பதினான்காவது கோப்பையில் வீரபாண்டி விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தபோது, அலுவலகத்திலிருந்து ஆமிரா பூட்டோடு வந்து வாசலில் நின்றாள். வீரபாண்டி வாயை மூடிக்கொண்டார்.

“அண்ணே, வயிறு வெடிக்குது. இந்தாளுக்கு எப்படிண்ணே போதும்னு சொல்றது?” என்றான் பாலகுரு.

“குடி தம்பி. கையை மட்டும் ஆட்டிராத.”

“ஏன், ஆட்டுனா என்னவாம்?”

“ஆட்டுனா நாளைக்கு நான் சாரத்துல நிப்பேன்.”

பாலகுரு அவருடைய முழங்காலைப் பார்த்தான். பிறகு கோப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

ஹமூத் ஊற்றுவது ஆமிராவுக்கு வியப்பில்லை. அது ஃபைலிலேயே இருக்கிறது. விருந்தாளி குடித்துக்கொண்டிருக்கும்போது வீட்டைப் பூட்டுவதுதான் எந்த ஃபைலிலும் இல்லை. மாலை நான்கு மணிவரை காத்திருந்தாள். தனக்கு வந்த கோப்பையைக் குடித்து, முறையாகக் குலுக்கி வைத்தாள். “கலாஸ், சரி. அவர் முடிக்கட்டும், அப்புறம் வர்றேன்” என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிவிட்டு, பூட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள்.

பாலகுருவுக்கு மறுநாள் டூட்டி. கோப்பையைக் குலுக்காமல், தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வரவழைத்த ரெங்கராஜின் கையில் கொடுத்துவிட்டுப் போனான். ரெங்கராஜ் அடுத்த ஆளிடம் கொடுத்தான். மூன்று வருடமாக அது இப்படித்தான் கைமாறுகிறது. அவரவர் லீவு நாளில் களைத்தவர்கள் வந்து, காலை நீட்டி, ஆறாத காபியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆமிரா ஜனவரிதோறும் எட்டிப் பார்த்து, விருந்தாளி இருக்கிறார் என்று எழுதிக்கொண்டு போகிறாள். போன கோடையிலிருந்து கூஜா சற்று நடுங்குகிறது. ஊற்றும் நேரத்தில் வீரபாண்டி மெல்ல எழுந்து போய், அதன் அடியில் ஒரு கையைக் கொடுத்துக்கொள்கிறார்.