கீழே வைத்த காப்பி

டிக்கெட் போடத் தெரியும்... வேறென்ன தெரியும், இத்தனை வருஷம் அம்மான் நகரக் கடைத்தெருவில் ஒரே மேசையில் உட்கார்ந்து விமான டிக்கெட் போட்டவளுக்கு வேறு என்னதான் தெரிந்திருக்கும், ஆனால் அதைச் சொன்னால் எதிரே இருக்கும் அபூ சனத், இந்த ஆஸ்பத்திரியின் மேலாளர், சிரிப்பார், அண்ணி சிரித்த மாதிரியே, "டிக்கெட்டு போட ஆளு எதுக்கு ருதைனா, அதான் போனே போட்டுடுதே!" என்று, அண்ணி சொன்னபடியே டிக்கெட் அலுவலகத்தையும் மூடிவிட்டார்கள், இந்த வேலையும் கிடைக்காவிட்டால் வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு சர்கா ஊரில் அண்ணன் வீட்டுக் கூடத்தில்தான் படுக்கை, காலமெல்லாம் அண்ணிக்குக் கீரை ஆய்ந்து கொடுத்துக்கொண்டு... சீ, அது வேண்டவே வேண்டாம். அவர் கேட்டது என்ன, "நோயாளியோட சொந்தக்காரங்ககிட்ட பேசற வேலைம்மா, உங்களுக்கு என்ன தெரியும்?" அவ்வளவுதானே... பேசியிருக்கிறாளா? பனி கொட்டி விமானம் நின்ற அன்று மேசையைக் குத்திக் கத்தினாரே ஒரு மனிதர், கெய்ரோவில் அம்மா சாகக் கிடக்கிறாள் என்று, அன்று அவள் என்ன சொன்னாள்? ஒன்றும் சொல்லவில்லை, நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள், அம்மா கையால் எது ருசி என்று கேட்டாள், மனிதர் விக்கி விக்கி அழுதார், அழுது முடித்து, பஸ்ஸும் கப்பலுமாகப் போகிற வழியை அவரே விசாரித்துக்கொண்டு கிளம்பினார்... அது டிக்கெட் போடுவதா? இல்லையே. அப்புறம் அதற்கு என்ன பேர்? பேர் இல்லாததைத் தெரியும் என்று எப்படிச் சொல்வது? இன்னும் என்னென்ன கிடக்கிறதோ உள்ளே, துழாவத் துழாவ வேடிக்கையாகத்தான் இருக்கிறது...

நிமிர்ந்தாள். அபூ சனத் அவளைப் பார்க்கவில்லை, தான் ஊற்றிக் கொடுத்த கசப்புக் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது ஒரு வாய்கூடக் குறையாமல் மேசைமேல் இருந்தது... ஐயோ, அவளா அங்கே வைத்தாள்? பெண் கேட்டுப் போகும் பெரியவர்கள் அல்லவா அப்படி வைப்பார்கள், வந்த காரியத்துக்குச் சம்மதம் சொல்லும்வரை தொடமாட்டோம் என்று. பெண் வீட்டுக்காரர் 'குடிங்க' என்றுவிட்டால் கேட்டதைக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம்.

"என்னம்மா இது, ஆம்பளைங்க கூட்டமா வந்து பண்றத நீங்க ஒத்தை ஆளா வந்து பண்றீங்க?"

"மன்னிச்சுக்குங்க உஸ்தாத், ஏதோ யோசனையில வச்சுட்டேன்."

கை கிண்ணத்தை நோக்கிப் போனது, குடித்துவிட்டால் மரியாதை, ஆனால் குடித்துவிட்டால் ஒன்றும் கேட்க வராதவள் போல ஆகிவிடுமே... கை பாதியில் திரும்பிவிட்டது. "ஒருத்தரைப் பத்திச் சொல்லட்டுமா உஸ்தாத்?" என்றாள், கெய்ரோக்காரரைப் பற்றிச் சொன்னாள், நாற்காலியை இழுத்துப்போட்டது வரைக்கும். கடைசியில் அவர், "அம்மாவப் பாத்தாராமா?" என்று கேட்டார்.

"பாத்துட்டாராம். போன் பண்ணிச் சொன்னாரு."

அவர் மீசையை நீவிக்கொண்டார். "காப்பி ஆறுதும்மா," என்றார்.

குடிங்க என்று சொல்லவில்லை, எடுத்துக்கொண்டு போகவும் சொல்லவில்லை, பலே ஆள்தான்... ருதைனா கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். யோசனையில் வைத்தாளாம்! எந்த யோசனையில்? அப்படி மறந்து வைக்கிறவள் ஒரு சொட்டுச் சிந்தாமல், அத்தனை பெரிய மேசையில் சரியாக அவர் கைக்கு எதிரே பார்த்தா கொண்டுபோய் வைப்பாள்?