இரண்டு சாவியும் ஒரு வளையமும்

மாமனாரின் கண் ஆபரேஷனுக்குச் சிதம்பரம் வர முடியாததற்குச் செந்தமிழ்செல்வன் போனில் சொன்ன காரணம், "கார் ஸ்டார்ட் ஆகல." அப்போது அவன் நெல்லிக்குப்பத்தில் நண்பன் வீட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். நண்பன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்ட படத்தில் அவன் இருந்தான். பின்னால் காரும் இருந்தது. அதைப் பார்த்த அவன் மனைவி தீபிகா, தன்னிடமிருந்த கார் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, திருப்பாதிரிப்புலியூரிலிருந்து அப்பா வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

அதற்குப் பிறகுதான் கார் உண்மையிலேயே ஸ்டார்ட் ஆகாமல் போனது. எப்போதும் அல்ல, சில நேரம்.

மெக்கானிக் கொளஞ்சியப்பன் பேட்டரியை மாற்றினார். "எங்கிட்ட ஒரு தடவகூட மக்கர் பண்ணலயே சார்," என்றார். செல்வன் வளையத்திலிருந்து தன் சாவியை மட்டும் கழற்றி அவரிடம் கொடுத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியை அழைக்கச் சிதம்பரம் போனான். தீபிகா மோர் கொடுத்தாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. கிளம்பிவிடலாம் என்று சாவியைத் திருகினான். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை.

மாமனார் நடனசபாபதி கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் நின்றார். "இருக்கணும்னா இருங்க மாப்ள, சாம்பார் இருக்கு. வண்டிய ஏன் பொய்சாட்சிக்கு இழுக்குறீங்க?"

"நெசமாவே ஆகல மாமா."

"அன்னிக்கும் இதத்தான சொன்னீங்க."

தீபிகா வந்தாள். "எறங்குங்க, நான் பாக்குறேன். இதுவும் பொய்யின்னா இனிமே கூப்பிட வராதீங்க."

அவள் திருகியும் பிடிக்கவில்லை.

"ஏதாச்சும் ஒயர கழட்டி விட்டிருப்பாரு," என்றார் நடனசபாபதி.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு சாவிப் படம் மின்னிக்கொண்டிருந்தது. "இது ஏங்க மின்னுது?"

"அழகுக்குன்னு நெனச்சேன்."

அவள் குனிந்து சாவி வளையத்தைப் பார்த்தாள். "கூடத் தொங்குறது என் சாவிதான?"

"தனியா வச்சா தொலஞ்சிடும்னு கோத்துகிட்டேன். போற எடத்துக்கெல்லாம் கூடவே வரட்டும்னுதான்..."

தீபிகா தன் சாவியைக் கழற்றிவிட்டுத் திருகினாள். வண்டி ஸ்டார்ட் ஆனது. அணைத்து, மறுபடி கோத்து, இரண்டையும் ஒட்டிப் பிடித்துத் திருகினாள். ஆகவில்லை. கழற்றினாள். ஆனது.

"சாவிக்குள்ள சிப் இருக்கு. அதப் படிச்சாதான் வண்டி கெளம்பும். ரெண்டும் ஒட்டிகிட்டு தொங்குனா எதப் படிக்கிறதுன்னு தெரியாம முழிக்குது. வெலகி தொங்குனா கெளம்பிடுது."

நடனசபாபதி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் காரைப் பார்த்தார். பிறகு மாட்டிக்கொண்டார். "மாப்ள இந்தத் தடவ பொய் சொல்லல," என்று எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி அறிவித்தார்.

செல்வன் அவளுடைய சாவிக்குக் கை நீட்டினான். தீபிகா கொடுக்கவில்லை.

"ரெண்டும் உங்ககிட்ட இருக்கக் கூடாது. அப்புறம், கிரிக்கெட்டுன்னா கிரிக்கெட்டுன்னே சொல்லணும்."

"சொல்றேன்."

"பைய எடுத்துட்டு வரேன். ஆஃப் பண்ணிடாதீங்க."

"அப்ப சாம்பாரு?" என்றார் நடனசபாபதி.

"தூக்குல ஊத்திக் குடுங்கப்பா."