ஆறு நாளாக ஆய் போகாத மகள்

அந்த ஊரில் எந்த வீட்டில் குழாய் அடைத்தாலும் ஒரே பிளம்பரைத்தான் கூப்பிடுவார்கள். அவன் கைக்கு மசியாத அடைப்பு கிடையாது. அப்பேர்ப்பட்டவனின் சொந்த மகள், இரண்டு மாதக் குட்டி, ஆறு நாளாக ஆய் போகவில்லை.

அதற்கு முன்பெல்லாம் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் துணியில் ஆய் போவாள். துவைத்துத் துவைத்து அலுத்துப்போய் அவனே வாய்விட்டுப் புலம்பியிருக்கிறான். இப்போது ஒன்றுமே இல்லை என்றதும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மகளோ தாய்ப்பாலை வயிறு முட்டக் குடித்தாள், மூத்திரம் போய்த் துணியை நனைத்தாள், யாரைப் பார்த்தாலும் பொக்கை வாயால் சிரித்தாள்.

வேலைக்குப் போன இடத்தில் அடைபட்ட தொட்டியிலிருந்து தண்ணீர் கடகடவென்று இறங்கியபோது அவன் விட்ட பெருமூச்சைக் கேட்டு, குழாயில் ஏதோ பெரிய கோளாறு என்று அந்த வீட்டுக்காரம்மா பயந்துபோனார்.

அவனுடைய அக்கா போனில், வெந்நீரில் சர்க்கரை கலந்து புகட்டச் சொன்னாள். அவன் டம்ளரும் கரண்டியுமாக வந்து நின்றான். மனைவி கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தாய்ப்பால் தவிர ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது. மனசு கேக்கலைன்னா டாக்டர்கிட்ட போவோம், வாங்க."

டாக்டரம்மா குழந்தையின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். மெத்தென்று இருந்தது. வாந்தி உண்டா, காய்ச்சல் உண்டா என்று விசாரித்தார். இல்லை என்றார்கள்.

"காத்து பிரியுதா?"

"பக்கத்து வீட்டுக்கே கேக்குது டாக்டர்," என்றான் அவன், கவலையோடு.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். தாய்ப்பால் கிட்டத்தட்ட முழுசாகச் செரித்துவிடும், கழிவென்று மிஞ்சுவது கொஞ்சம்தான். ஒன்றரை மாதம் தாண்டிய பிள்ளை ஒரு வாரம்கூட போகாமல் இருக்கலாம். நன்றாகப் பால் குடித்து எடை கூடினால் போதும். வயிறு உப்பினாலோ, வாந்தி எடுத்தாலோ, புழுக்கையாக இறுகி வந்தாலோ, ரத்தம் கலந்தோ வெள்ளையாகவோ கறுப்பாகவோ வந்தாலோ உடனே வர வேண்டும்.

பிறகு குழந்தையைத் துணியில்லாமல் தராசில் கிடத்தினார். நாலு கிலோ எண்ணூறு.

அப்போது மகளின் புருவம் நெரிந்தது. முகம் சிவந்தது. கையை முறுக்கிக்கொண்டு, யாரையோ அடிக்கப் போகிறவள் போலக் கூரையை முறைத்தாள். மனைவி ஒதுங்கிக்கொண்டாள், அனுபவசாலி. அவன் மட்டும் என்னவோ ஏதோ என்று குனிந்து பார்த்தான்.

அரைத்த கடுகு போல மஞ்சளாக, கொழகொழவென்று, தராசு நிறைந்து வழிந்து, அவன் சட்டையில் பாதியைப் பிடித்து, செருப்பில் போய் முடிந்தது. அறை முழுக்கச் சத்தம். முடிந்ததும் மகள் கொட்டாவி விட்டாள்.

அவன் கண் கலங்கி நின்றான். "எவ்வளவு சுலபமா வந்துருச்சு," என்றான்.

டாக்டர் தன் சட்டைக்கை ஓரத்தைத் துடைத்தபடி சொன்னார்: "தராச தொடச்சிட்டு மறுபடி எடை போடணும். பழைய கணக்கு செல்லாது."

துடைத்துப் போட்டால் நாலு கிலோ எழுநூறு. டாக்டர் அதை எழுதிக்கொண்டார்.

வெளியே காத்திருந்தவர்கள் அவன் சட்டையைப் பார்த்ததும் தானாக வழி விட்டார்கள். அவன் நடுவில், புது மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். மனைவி நாலடி பின்னால், இந்த ஆள் யாரோ என்பதுபோல, குழந்தையோடு வந்தாள்.