சாமானோடு சாமானாக

தட்சிணாமூர்த்தியின் மூன்று சக்கர சைக்கிள் வண்டிக்கு முன்பக்கம் பலகை, பின்னால் மிதிக்கிற ஆள். பலகையில் சிதம்பரம் மேலவீதி மளிகைக்கடையின் அரிசி, பருப்பு, எண்ணெய் டின். அவற்றுக்கு நடுவே அவனுடைய இரண்டு பிள்ளைகள். பெரியவன் எழிலனைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, சின்னவள் இசைவாணியோடு அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சுற்றி வீட்டுக்கு வீடு சாமான் போடுவான். மனைவி ஜெயராணி குவைத்தில் யார் வீட்டுப் பிள்ளைக்கோ சோறூட்டிக்கொண்டிருந்தாள். இங்கே பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை. பிள்ளையைச் சாமானோடு சாமானாக ஏற்றிப் போகிறானே என்று குறை சொன்னவர்கள் உண்டு. அவர்களில் ஒருத்தராவது ஒரு மத்தியானம் வைத்துக்கொண்டார்களா என்றால், இல்லை.

2009 ஜூனில் ஜெயராணி லீவில் வந்தாள். நாற்பது நாள். பத்து மாதக் குழந்தையாக விட்டுப்போன இசைவாணிக்கு இப்போது மூன்றரை வயது. பெற்றவளைக் கண்டதும் அப்பன் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். பொம்மையை மட்டும் கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

எதிர்வீட்டுத் தங்கம்மாள் இரண்டு முறை குவைத் போய்வந்தவள். "அதுவும் நல்லதுக்குத்தாண்டி. ஜாஸ்தி ஒட்ட வுடாத. ஒட்டிக்கிட்டா நீ போற அன்னிக்கிப் புள்ள ஏங்கிப்பூடும்" என்றாள்.

சொல்லிவிடலாம். பெற்ற வயிறு கேட்க வேண்டாமா? மறுநாளே ஜெயராணி வண்டியில் ஏறிவிட்டாள். வெளிநாட்டிலிருந்து வந்தவள் புதுப்புடவையோடு பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போவதைப் பார்த்து மேலவீதியே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று இருந்தாள்.

முதல் வாரம் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வந்தது. இரண்டாம் வாரம் ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட, சட்டென்று ஜெயராணியின் முந்தானையைப் பிடித்தது. பிடித்ததுதான், அப்புறம் விடவில்லை. வாசலுக்கு வாசல் "சாமான் வந்திருக்கு!" என்று மகள் குரல் கொடுக்க, அம்மா பையை எடுத்துக்கொண்டு போனாள். பதினோரு மணிக்கெல்லாம் மடியிலேயே தூங்கிவிடும். பின்னாலிருந்து மிதித்த தட்சிணாமூர்த்திக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"போவாத" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தான்.

"கையெழுத்துப் போட்டாச்சு மாமா. இன்னும் ரெண்டு வருஷம், கண்ண மூடித் தெறந்தா ஓடிப்பூடும்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

எப்படிக் கிளம்புவது என்பதற்கும் தங்கம்மாள்தான் வழி சொன்னாள். "தூங்குறப்பக் கெளம்பிடு. நாங்கள்லாம் அப்பிடித்தான் போனோம். ரெண்டு நாள் அழும், மறந்துடும்." புருஷனும் பெண்டாட்டியும் அதை நம்பினார்கள். நம்பாமல் வேறென்ன செய்வது?

கடைசி நாள் எழிலனிடம் மட்டும் சொன்னார்கள். அவன் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டான். இசைவாணி வழக்கம்போல ஐந்தாவது வீடு தாண்டியதும் தூங்கினாள். குவார்ட்டர்ஸ் முனையில் தங்கம்மாளின் தம்பி பாலகுமார் பெட்டியோடு ஆட்டோவில் காத்திருந்தான். ஜெயராணி குழந்தையின் தலையைப் பருப்பு மூட்டைமேல் சாய்த்துவிட்டு இறங்கினாள். புருஷனைத் திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாள்.

தட்சிணாமூர்த்தி இன்னும் இரண்டு வீட்டில் சாமான் போட்டான். மூன்றாவது வீட்டை நெருங்கும்போது குழந்தை விழித்துக்கொண்டது. அழும் என்று பிஸ்கட் வாங்கி வைத்திருந்தான். சொல்வதற்குப் பொய்யும் தயாராக இருந்தது.

அவள் அழவில்லை. எழுந்து பலகையை ஒரு சுற்றுப் பார்த்தாள். மூட்டைகள் பாதி குறைந்திருந்தன.

"எந்த வூட்லப்பா எறக்குன?"

"எதக் கண்ணு?"

"அம்மாவ."

அவன் வைத்திருந்த பொய் போன இடம் தெரியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர்தான் கொட்டியது. குழந்தை அவன் முகத்தை அண்ணாந்து பார்த்தது. கம்பியைப் பிடித்திருந்த அவன் கையில் தட்டிக் கொடுத்தது.

"வூடு மாத்தி எறக்கிட்டியா? அழுவாதப்பா. வண்டியத் திருப்பு, கேட்டு வாங்கியாந்துடலாம்."

தட்சிணாமூர்த்தி வண்டியைத் திருப்பினான். முதல் வாசலில் அவளே இறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள்.