பாட்டுப் படிக்காத பரிசுப் பெட்டி

பிரவீனா என்கிட்ட பேசி மூணு நாளாச்சு. பேசாட்டா போறான்னு விட்டுரலாம். ஆனா, "நீதான என்னக் காட்டிக்குடுத்த?"ங்கிற மாதிரி பாத்துக்கிட்டே துணி மடிக்கா பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல.

அவளுக்குச் சின்ன வயசுலேருந்து வலிப்பு. மாத்திர போட்டு ரெண்டு வருஷமா ஒண்ணும் வரல. பிள்ளைப்பாக்கத்துல எங்க கம்பெனி ஹாஸ்டல்ல எங்க ரூம்ல ஆறு பேரு. அதுல அந்த மாத்திர அட்டையப் பாத்தவ நான் ஒருத்திதான். "யார்கிட்டயும் சொல்லிடாத மாரி, லைன்ல வச்சிக்க மாட்டாங்க"ன்னு கையப் புடிச்சா. நான் எங்க அம்மகிட்டகூட மூச்சு விடல. வெள்ளிக்கிழம ஹெச்.ஆர். கூப்புட்டு, "வலிப்ப மறைச்சு வேலைக்குச் சேந்திருக்க"ன்னு அவ கம்பெனி கார்டப் புடுங்கி வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. அப்ப சொன்னது யாரு? அவ கணக்குல இந்த மாரிசெல்விதான், வேற யாரு!

இன்னைக்குத் திங்கக்கிழம, எங்க லைனுக்கு வார லீவு. மத்த நாலு பேரும் ஸ்ரீபெரும்புதூருக்குத் துணி எடுக்கப் போயிட்டாளுக. சொந்த ஊரு வந்தவாசிக்குக் கூட்டிட்டுப் போக பிரவீனா அப்பா கீழ மினி வேனோட நிக்காரு. ரூம்ல நாங்க ரெண்டு பேருதான். பொறுக்கமாட்டாம, அலமாரி மேல இருந்த ஸ்பீக்கர் பெட்டியப் பாத்து, "ப்ளே தமிழ் சாங்ஸ்"னேன்.

மியூசிக் அக்கவுண்ட் சேக்கலன்னு அது வழக்கம்போல இங்கிலீஷ்ல சொல்லிட்டு வாய மூடிக்கிச்சு. பொங்கலுக்கு எங்க சூப்பர்வைசர் ஸ்ரீதர் சார் குடுத்த பரிசு அது. ஒரு நாள்கூட லீவு போடாத ரூமாம். அலாரம் வைன்னா வைக்கும், மழை வருமான்னா சொல்லும். பாட்டு மட்டும் ஒரு நாளும் படிச்சதில்ல.

எனக்கு வந்துச்சே கோவம்! "ஏ மூதி, ஒன்ன இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாக்காம விடமாட்டேன்"னு பிளக்கப் புடுங்கித் திரும்பச் சொருகுனேன். வைஃபைய அணைச்சுப் போட்டேன். அதுக்கும் மசியல. வாலாஜாபாத்ல எலெக்ட்ரானிக்ஸ் கடையில வேல பாக்குற இசக்கிதுரை அத்தானுக்குப் போனப் போட்டு, சத்தமா வச்சேன்.

"அலாரம் வேல செய்யுதுல்லா? அப்ப நெட்டுல கொறையில்ல. ஒம் போன்ல ஆப்ப எறக்கி, அந்தப் பெட்டியச் சேரு."

சேத்தேன். வேற ஒருத்தர் பேர்ல ஏற்கெனவே பதிஞ்சிருக்குன்னு வந்துச்சு.

"யார் பேருன்னு அதுகிட்டயே கேளு."

கேட்டேன். "திஸ் இஸ் ஸ்ரீதர்ஸ் அக்கவுண்ட்"னு தெளிவாச் சொல்லிச்சு.

பரிசு குடுத்த அன்னைக்கு சார் வார்டனையும் கூட்டிக்கிட்டு எங்க ரூமுக்கு வந்து, "உங்களுக்கு இன்னாத்துக்கும்மா கஷ்டம், நானே செட் பண்ணிக் குடுக்கறேன்"னு தன் போன எடுத்து நோண்டிக்கிட்டு நின்னாரு. நாங்களும் பல்லக் காட்டிக்கிட்டு நின்னோம்.

"அத்தான், அவர் பேர்ல இருந்தா இப்ப என்ன?"

"என்னவா? நீங்க அதுகிட்ட என்னென்ன கேட்டீங்களோ, அவ்வளவும் தேதி, மணியோட அவர் போன்ல எழுத்தா நிக்கும், புள்ள."

எனக்குப் பின்னால துணி மடிக்கிற சத்தம் நின்னு போச்சு. திரும்பிப் பாத்தா, பிரவீனா மொகம் வெளிறிக் கெடக்கு.

"மாரி, நைட் ஷிஃப்ட் போட்டாங்கல்ல... ஃபிட்ஸ் மாத்திர போட்டுக்கினு தூங்காம வேல செஞ்சா இன்னா ஆவும்னு இதுகிட்டதான் கேட்டேன். நீங்கள்லாம் குளிக்கப் போனப்ப. டாக்டர்கிட்ட போவ லீவு இல்ல. மனுசங்ககிட்ட கேட்டா வெளிய போயிடும்னு பயந்து, இதுகிட்ட கேட்டேன்."

எனக்கு அழுகையும் வருது, ஆத்திரமும் வருது. "அப்ப மூணு நாளா என்ன..."ன்னு ஆரம்பிச்சவ, அவ மொகத்தப் பாத்துட்டு நிறுத்திக்கிட்டேன்.

"சார் பாத்திருக்க மாட்டாரு மாரி. பாத்தாருன்னு சொன்னாலும் யாரு நம்புவா?" அப்பவும் அவளுக்கு அந்த ஆளு மேல மரியாத!

"பாக்காரா இல்லியான்னு இப்பத் தெரிஞ்சிரும்"னு பெட்டிகிட்ட போயி, எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொன்னேன். "ரிமைண்ட் மீ இன் டூ மினிட்ஸ். பிரவீனா லேபர் ஆபீஸ் கம்ப்ளெயிண்ட்."

ஓகேன்னுச்சு. ரெண்டு நிமிஷத்துல அது அவர் போன்லயும் வந்து நிக்கும். அத்தானோட பேசுனதக் கட் பண்ணிட்டு, என் போன்ல ரெக்கார்டிங்க ஓட விட்டேன். அவ போனயும் அதுக்குப் பக்கத்துலயே கட்டில்ல வச்சேன்.

கீழ ஹாரன் அடிக்காங்க. பிரவீனா என் கையப் புடிச்சிருக்கா, சில்லுன்னு இருக்கு. அந்த ஆளு உண்மையிலேயே பாக்கலன்னா? பழி மறுபடியும் என் தலையிலதான வந்து விடியும்! பெட்டி டிங்குன்னு அடிச்சு, நான் சொன்னத அப்படியே ஒப்பிச்சுது. அரை நிமிஷம் ஆச்சு. ஒரு நிமிஷம் ஆச்சு.

பிரவீனா போன் அடிச்சுது. ஸ்ரீதர் சார்.

அவ எடுத்து ஸ்பீக்கர்ல போட்டா.

"இன்னாம்மா, கெளம்பிட்டியா? தோ பாரு, லேபர் ஆபீஸு, கம்ப்ளெயிண்ட்டுன்னுல்லாம் போவாத. அப்பால இந்த ஏரியாவுல எந்தக் கம்பெனிலயும் உன்ன எடுக்க மாட்டாங்க. நானே ஹெச்.ஆர். கைல பேசறேன்."

நான் வாயத் தொறந்தேன். அவ கையக் காட்டித் தடுத்துட்டு, நிதானமாக் கேட்டா.

"லேபர் ஆபீஸ்னு உங்களுக்கு யாரு சார் சொன்னா?"

டக்குன்னு போனக் கட் பண்ணிட்டாரு.

பிரவீனா பையத் தூக்கிக்கிட்டுத் தடதடன்னு படியெறங்குனா. ரெக்கார்டிங் இருந்த போனத் தூக்கிக்கிட்டு நானும் பின்னாலயே ஓடுனேன். வேன் கதவத் தொறந்து அவ அப்பாகிட்ட, "வூட்டுக்கு வேணாம்ப்பா. லேபர் ஆபீஸுக்கு வுடு"ன்னா. அவரு ஒண்ணும் புரியாம எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்காரு.

நான் ஓரமா நின்னேன். அவ கண்ணத் தொடச்சுக்கிட்டு என்னப் பாத்துக் கத்துனா.

"இன்னா நின்னுக்கினு கீற? ஏறு மாரி. எனக்கு நீதான சாட்சி!"

செருப்பக்கூட மாட்டாம வேன்ல ஏறி உக்காந்தேன்.